இரண்டாவது ஆளாக வர எல்லோரும் தயார்

இட்லி வெந்துவிட்டது. வடகறி கொதித்து அடங்கிவிட்டது. ஊதுவத்தி பாதிக்கு மேல் எரிந்தாயிற்று. எங்கள் சந்தில் இருக்கிற பாதிப் பேர் தள்ளுவண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். சிலர் கையில் தூக்குச்சட்டிகூட இருக்கிறது. ஆனால் ஒருத்தராவது "ரெண்டு இட்லி குடு" என்று வாயைத் திறக்க வேண்டுமே! ஊஹூம்.

வண்டிக்குப் பின்னால் தாமு. என் வீட்டுக்காரர் தைத்துக் கொடுத்த புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் கரண்டி. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றான்.

"இன்னாக்கா, இத்தினி பேர் நிக்கறாங்கோ, ஒருத்தரும் கேக்கலியே?" என்று என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்.

"கம்முனு இரு, வருவாங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நம்பிக்கை இல்லை.

பூக்கடை கோவிந்தம்மாவைக் கண்ணாலேயே கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் கையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பார்த்துக்கொண்டு, "எனுக்கு நாலு இட்லி எட்த்து வையி தாமு. மொதல்ல யாராச்சும் போணி பண்ணட்டும், அப்பால வாங்கிக்கறேன்" என்றாள்.

எங்களிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க மாட வீதியிலிருந்து வந்திருந்த பங்கஜம் மாமியும் நின்றுகொண்டிருந்தார். வாசனை அவரையும் பிடித்து இழுத்திருந்தது. "நானும் ரெண்டாவதா வாங்கிண்டுடறேன்டி. ஆத்துல மாப்பிள்ளை வந்திருக்கார், டிபன் ஒண்ணும் பண்ணலை. போணி மட்டும் வேற யாராவது பண்ணிடட்டும்" என்று என் காதோடு சொன்னார்.

அந்தக் காலையில் எங்கள் சந்தில் இரண்டாவது ஆளாக வர எல்லோரும் தயார். முதல் ஆளாக வர ஒருவரும் இல்லை.

போன வாரம் தீபாவளி சீசனில் ரவிக்கைக் கழுத்தை மாற்றித் தைத்த கதையை எழுதியிருந்தேனில்லையா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "மயிலாப்பூரில் இத்தனை வருஷம் தையல் கடை வைத்திருந்தீர்களே, ரவிக்கையைத் தவிர வேறு பிரச்சினையே வரவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். வராமல் என்னம்மா? இதோ வந்து நிற்கிறதே, தள்ளுவண்டியோடு.

ஜாமீன் கை

போணி என்றால் என்னவென்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. ஆனால் எங்கள் சந்தில் அது எவ்வளவு பெரிய விவகாரம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

காலையில் முதல் காசு யார் கையிலிருந்து வருகிறதோ, அன்றைக்கு வியாபாரம் அந்தக் கைப்படிதான். தினப்படிப் போணிக்கே இப்படி. கடை திறக்கிற அன்றைக்குப் பண்ணுகிற போணி என்றால் கேட்கவே வேண்டாம். கடை ஓகோவென்று ஓடினால், "அவங்க கைராசி" என்பார்கள். படுத்துவிட்டால், "எந்த வேளையில எவ கை பட்டுதோ" என்பார்கள். ஒரு ஜூஸ் கடைக்குப் போணி பண்ணிய பாவத்துக்கு, அது மூடின பிறகும் ரொம்ப நாள் பேச்சு வாங்கியவள் கோவிந்தம்மா. அவள் பயம் அவளுக்கு.

தாமு விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. ஜெயிலிலிருந்து வந்தவன். நாளைக்கே இவன் மறுபடி எதையாவது செய்து வைத்தால்? "நீதானே மொத மொதல்ல காசு குட்த்து ஆரம்பிச்சு வெச்சே" என்று ஊர் கேட்கும். போணி பண்ணுகிற கை அவனுக்கு ஜாமீன் போடுகிற கை. ஜாமீன் கையெழுத்து என்றால் எவர் முன்னால் வருவார், சொல்லுங்கள்.

கண்டக்டர் ஊற்றிக்கொண்ட குடம்

தாமு எங்கள் கடைக்கு எதிர்வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா வரதன் பஸ் கண்டக்டர். அடையாறு பக்கம் போகிற வண்டியில் ரிடையராகும் வரை இருந்தார். சில்லறை விஷயத்தில் புலி. வீட்டில்கூட, "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத" என்றுதான் பேசுவார். ஒரு பைசா ஓசியில் வாங்கியவரில்லை. அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பிள்ளை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. கடைக் கடையாக ஆள் அனுப்பி மாமூல் வாங்குவது அவர் தொழில். பத்தாவது ஃபெயிலான தாமு அந்தக் கும்பலோடு சுற்ற ஆரம்பித்தான். முதலில் டீ, பன். பிறகு பிரியாணி. பிறகு பைக்கின் பின் சீட்டு.

ஒருநாள் மளிகைக் கடை செல்லையா அண்ணாச்சி, "இனிமே தர முடியாதுல, போ" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சியின் வலது கை இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பு பிடித்திருந்தவன் தாமுதான். வயசுக்கோளாறு, சேர்க்கை சரியில்லை என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவன் அடித்தான், நான் தையல் மெஷினிலிருந்து பார்த்தேன். கோர்ட்டிலும் போய்ச் சொன்னேன்.

போலீஸ் அவனைப் பிடித்துப் போன அன்று கண்டக்டர் டியூட்டி முடிந்து காக்கி உடுப்போடு வந்தார். விஷயம் தெரிந்தது. நேரே தெருப் பம்புக்குப் போனார். அங்கே கோவிந்தம்மா தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடத்தை அப்படியே தூக்கி, சட்டை, தொப்பி, தோல்பையோடு தலையில் கொட்டிக்கொண்டார்.

"நல்லா பாத்துக்கங்க. தல முழுவிட்டேன். எனுக்கு இனிமே புள்ள கெடையாது" என்றார்.

மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய வருஷம் அது. ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும். முழுக் குடத்தையும் கொட்டிக்கொண்டார் என்றால், மனுஷர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. கோவிந்தம்மாகூட அன்றைக்குச் சண்டை போடவில்லை.

சின்னப் பாத்திரம் தெரியாதவன்

தண்டனை முடிந்து தாமு வெளியே வந்தபோது எல்லா வீட்டு மொட்டை மாடியிலும் கேபிள் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே போகும்போது டி.வி.யில் ஒரே சேனல். "இன்னாக்கா, நான் வர்றதுக்குள்ள ஊரே கயிறு கட்டி வெச்சிக்கீது?" என்றுதான் முதல் வார்த்தை கேட்டான்.

அப்பா வீட்டுக் கதவு திறக்கவில்லை. வேறு இடத்தில் வாடகைக்கு ரூம் கேட்டால், "எங்கேருந்து வர்றீங்க?" என்ற கேள்வியோடு கதவு பாதி மூடும். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "கடைக்கு மேலே பரண் சும்மாதானே கிடக்கு" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் நான். அவன் என் தலைக்கு மேலேயே படுப்பானா?

படுத்தான். ஏறும்போது, "நீ பாத்தத சொன்ன, அவ்ளோதானேக்கா" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் ஜெயிலை வெளியே கழற்றி வைத்துவிட்டு வர முடியாது போலிருக்கிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து, போர்வையைச் செங்கல் மாதிரி மடித்து வைத்துவிட்டு, மூடிய ஷட்டருக்கு முன்னால் நிற்பான். உள்பக்கத்துத் தாழ்ப்பாள் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். நான் வந்து வெளியிலிருந்து தட்டி, "திறயேன்டா!" என்று கத்த வேண்டும். டீ குடிக்கப் போகக்கூட, "போலாமாக்கா?" என்பான். பால்காரர், பேப்பர்காரர் எல்லோரும் அவனுக்கு 'ஐயா'. பேப்பர் போடுகிறவர் அந்த மரியாதையில் சொக்கிப்போய், தினம் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டுப் போவார்.

உள்ளே அவன் சமையல் கொட்டடியில் வேலை செய்தவன். "சாம்பார் ஸோக்கா வெப்பேன்க்கா" என்றான் ஒருநாள். சரியென்று ஸ்டவ்வைக் கொடுத்துவிட்டு, பட்டன் வாங்க தி.நகர் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் அண்டா! வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து கடன் சொல்லி எடுத்து வந்திருக்கிறான். கல்யாணத்துக்குப் போதும்.

"எத்தனை பேருக்குடா இது?"

"கொஞ்சமா வெக்கத் தெர்லக்கா" என்று தலையைச் சொறிந்தான். "அங்க சின்ன பாத்தரமே கெடையாது."

என்ன செய்ய? வீடு வீடாகக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். யார் வைத்தது என்று சொல்லவில்லை. மறுநாள் பங்கஜம் மாமியே, "யார் கைப்பக்குவம்டி அது? பெருங்காயம் மணத்துண்டே இருக்கு" என்று கேட்டார். சொன்னேன். மாமி கழுவிக் கொண்டுவந்த கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு, "நன்னாத்தான் இருந்தது" என்றார்.

எது காணாமல் போனாலும்

வேலைக்கு அலைந்த கதையைத் தனியாக எழுத வேண்டும். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிற வேலை கிடைத்தது. அந்த மடிப்பு! போர்வை மடித்த கையல்லவா? முதலாளி மற்ற வேலையாட்களைக் கூட்டிவந்து காட்டினாராம். ஆனால் மயிலாப்பூரில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் கான்ஸ்டபிள் நேரே பரணுக்குக் கீழே வந்து நிற்பார். "தாமு, ஸ்டேஷனுக்கு சும்மா வந்துட்டுப் போ." சும்மா போனவன் சாயங்காலம் வருவான். இரண்டு சைக்கிள், ஒரு தண்ணீர் மோட்டார், ஒரு கோயில் செருப்பு வரைக்கும் சும்மா போய் வந்தான். ஐந்தாம் தடவை கான்ஸ்டபிள் ஜவுளிக்கடைக்கே போய்விட்டார். முதலாளி நல்ல மனுஷர்தான். கையைப் பிடித்துக்கொண்டு, "கஸ்டமர் பயப்படறாங்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செல்லையா அண்ணாச்சி கடையை மூடிவிட்டு அசோக் நகரில் மகன் வீட்டோடு போய்விட்டிருந்தார். அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தாமு ஒற்றைக்காலில் நின்றான். நான்தான் கூட்டிப் போனேன். கம்பிக் கதவுக்குள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"அவுக பாக்க மாட்டாக. இப்பவும் சோத்த இடது கையாலதான் உங்காக. நீங்க போங்க" என்றார்.

தாமு மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றுவிட்டு வந்தான். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தான். மன்னிக்க வேண்டும் என்று அண்ணாச்சிக்கு என்ன கட்டாயம்? உடைந்தது அவர் கை.

ரவிக்கை குவிந்த கதை

தாமுவின் அம்மா சரோஜாவுக்குப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். கண்டக்டரோ, "அவன் மூஞ்சில முயிச்சா இந்த வூட்ல கால் வெக்காத" என்று சொல்லிவிட்டார். சரோஜா என்ன செய்தாள்? ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாள். அளவு கொடுக்க ஒரு தடவை, கொக்கி வைத்தாயிற்றா என்று கேட்க ஒரு தடவை, கை இறுக்கமாக இருக்கிறதென்று ஒரு தடவை. பரணுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவாள். கொஞ்ச நாளில் அவளிடம் புடவையைவிட ரவிக்கை அதிகமாகிவிட்டது.

"இன்னாடி, பச்ச ரவிக்கைக்குப் பச்ச பொடவ எங்க?" என்று கண்டக்டர் கேட்டாராம். "இனிமேதான் நீ வாங்கித் தரணும்" என்றாளாம் இவள். மனுஷர் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டாராம். தெரிந்துதான் விட்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

இட்லி வண்டி யோசனை அவளுடையதுதான். "கொஞ்சமா செய்யத் தெர்லன்னா நெறையா செஞ்சி வித்துட்டுப் போவட்டுமே" என்றாள். பழைய தள்ளுவண்டி ஒன்று சிந்தாதிரிப்பேட்டையில் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். அடுப்பு என்னுடையது. இடமும் எங்கள் கடை வாசல்.

அப்பா வருவாரா என்று தாமு யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் வண்டியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தலாம் என்று வந்தபோது, எதிர்வீட்டு வாசல் தெரிகிற மாதிரித்தான் நிறுத்தினான். "இந்த யாவாரம் மட்டும் ஒய்ங்கா நின்னுட்ச்சினா, ஒருநாள் நைனா என்னாண்ட பேசும்க்கா. பாரேன்" என்றான். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் வந்த கை

ஆக, அந்தக் காலைக்குத் திரும்புவோம். இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. தூக்குச்சட்டிகள் நிற்கின்றன.

படபடவென்று ஒரு பைக் சந்துக்குள் வந்தது. அண்ணனின் ஆள், பவுடர் ரவி. கழுத்து முழுக்கப் பவுடர், அதனால் அந்தப் பெயர்.

"இன்னா மச்சி, கட போட்டுக்கினியாமே, சொல்லவே இல்ல? அண்ணன் கோச்சிக்கினாரு" என்று இறங்கினான். சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான். "தோ, அண்ணனே போணி பண்ணச் சொல்லிக் குட்த்து வுட்டாரு. மீதி வேணா."

அந்த நோட்டுக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கை முதலில் விழுந்தால் அது அண்ணன் கடை. இன்றைக்கு அவர் பையன்கள் வந்து இட்லி சாப்பிடுவார்கள். நாளைக்கு, "ஒரு சின்ன வேல கீது, வா" என்பார்கள்.

தாமு நோட்டைத் தொடவில்லை. "வேணாம் ரவி" என்றான்.

"இன்னாடா வேணாம்? வேற எவன் வந்து போணி பண்ணப் போறான் உனுக்கு? சுத்தி நிக்கறானுங்க பாரு. ஒருத்தனாச்சும் கைய நீட்றானா?"

படுபாவி, சொன்னது அத்தனையும் நிஜம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கோவிந்தம்மா பூக்கூடையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"எவனும் வர்லனா ஈ ஓட்டிக்கினு நிக்கறேன். அண்ணன் துட்டு வேணாம்" என்றான் தாமு. "நீ இட்லி துன்றதுனா போணி ஆனப்பறம் வா. லைன்ல நின்னு, துட்டு குட்த்து துன்னு."

ரவி கொஞ்ச நேரம் அவனை முறைத்தான். "நாய்க்குப் போடு உன் இட்லிய" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தான். புகைதான் மிச்சம்.

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. எங்கள் கடைக் கல்லாவிலிருந்து கைக்கு வந்த காசை எடுத்துக்கொண்டு போனேன். "இந்தாடா, நான் பண்றேன் போணி. எவ என்ன சொல்றான்னு பாக்கறேன்!"

"நீ பண்ணா ஆவாதுக்கா. எடம் குட்த்தவ நீ, அடுப்பு குட்த்தவ நீ. வூட்டு ஆளு துட்டு போணி ஆவாது."

"அட, நீயும் உன் சாத்திரமும்!"

"இல்லக்கா. மத்தவங்கோ எப்டி கட தொறக்கறாங்களோ, நானும் அப்டியே தொறக்கணும். இதுலயும் கோல்மால் பண்ண மாட்டேன்."

அசலாள்

சந்து முனையில் கண்டக்டர் வரதன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒயர் கூடை, கூடையில் பால் பாக்கெட். பைக் வந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறார் என்று பிறகு கோவிந்தம்மா சொன்னாள். அவர் நடந்து வந்தார். கூட்டம் தானாக விலகியது. நேரே வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"இன்னாபா கடக்காரரே, இட்லி கீதா?"

தாமு வாய் திறந்தபடி நின்றான். "நைனா..." என்றான்.

"நாலு இட்லி. வடகறி ஜாஸ்தியா ஊத்து" என்று சரியான சில்லறையை நீட்டினார்.

"நைனா, நீ குட்த்தா போணி ஆவாது. வூட்டு ஆளு..."

"யார்ரா வூட்டு ஆளு?" பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். "நடுத் தெருவுல கொடம் தண்ணி ஊத்திக்கினு தல முழுவனவன் நானு. எனுக்குப் புள்ள கெடையாதுன்னு ஊரைக் கூட்டி சொன்னவன். இன்னா கோவிந்தம்மா, நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் கண்டக்டரே" என்றாள் கோவிந்தம்மா. "கொடமே என்துதான்."

"கேட்டுக்கினியா? நான் அசலாளு. அசலாளு துட்டு போணி ஆவும். புடி."

"முடியாது" என்றான் தாமு. "நீ என் நைனாதான். துட்டு வேணாம். சும்மா துன்னு."

"ஓசில துன்றவன் நானில்ல!"

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பிள்ளை அப்பா என்கிறான், அப்பா இல்லை என்கிறார், இரண்டு பேரும் அந்தக் கடைக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். நான்தான் கத்தினேன். "டேய் தாமு, வாங்கித் தொலைடா! இட்லி கல்லாப் போகுது!"

தாமு கையை நீட்டினான். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுப்பைத் தொட்டு, அப்படியே அழ ஆரம்பித்துவிட்டான்.

"வடகறிக்கு மேல நின்னு அயுவாத. கஸ்டமர் இன்னா நெனப்பான்?" என்றார் கண்டக்டர்.

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி எல்லோரும் பாய்ந்தார்கள். இரண்டாவது யார் என்பதில் கோவிந்தம்மாவுக்கும் பங்கஜம் மாமிக்கும் சண்டை. "நேக்குத்தான் மொதல்ல, நான் அப்பவே சொல்லி வெச்சேன்!" என்று மாமி என்னிடம் வாங்கிய பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்தார். அரை மணி நேரத்தில் வடகறி வழித்தாகிவிட்டது.

கண்டக்டர் ஒரு ஓரமாக நின்று சாப்பிட்டார். கை கழுவினார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்று, முன்பின் தெரியாத கடைக்காரனிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம்

எனக்கு ஒரே குஷி. கேசரி கிளறலாம் என்று ரவை எடுத்தேன். பரணில் சத்தமே இல்லை. ஏணியில் ஏறிப் பார்த்தால், தாமு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஏன்டா? அதான் ஜாம் ஜாம்னு போணி ஆயிடுச்சே?"

"ஆச்சுக்கா" என்றான். "துட்ட வாங்கிட்டேன். அப்ப அது அசலாளுனு நானே ஒத்துக்கினேன் இல்ல? ஜெயில்ல இருந்தப்போகூட நைனா நைனான்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். இன்னிக்கு நாலு பேர் முன்னால நானே இல்லன்னுட்டேன்."

நான் ஏணியில் இறங்கி வந்தேன். கையில் ஒரு ரவிக்கை வெட்ட வேண்டியிருந்தது. யோசனையில் பின்கழுத்தைக் கன்னாபின்னாவென்று ஆழமாக வெட்டிவிட்டேன். அந்த அம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது வேறு கதை.

மறுநாள்

மறுநாள் காலை, தாமு இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போதே கண்டக்டர் வந்துவிட்டார். குளித்து, தலை வாரி, சட்டைப் பையில் சில்லறையோடு.

"இன்னாபா கடக்காரரே, நாலு இட்லி" என்று காசை நீட்டினார்.

தாமுவின் முகம் சுருங்கிப்போயிற்று. வாங்கவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நேற்று ஒருநாள் என்றால் போகட்டும். தினமும் காலையில் எழுந்து அப்பா இல்லை என்று சொல்ல வேண்டுமா?

கோவிந்தம்மா பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நடுவில் புகுந்தாள். "கைய எடு கண்டக்டரே. வூட்டு ஆளு துட்டு போணி ஆவாது."

"இன்னாது? நேத்து ஆச்சே?"

"நேத்து எங்களுக்குப் பயம், ஒருத்தியும் முன்னால வர்ல. அத்தொட்டு நீ சொன்னதுக்கெல்லாம் தலையாட்னேன். இன்னிக்கு நான் நிக்கறேன் இல்ல? தள்ளு." தன் காசைத் தாமுவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "புடி தாமு. இதான் இன்னிக்கு போணி."

பின்னாலிருந்து பங்கஜம் மாமியின் குரல். "நன்னாருக்கே! நான் பண்ணலாம்னு கார்த்தாலயே ஸ்நானம் பண்ணிட்டு ஓடி வரேன், முந்திண்டுட்டியேடி!"

எல்லோரும் சிரித்தோம். கண்டக்டருக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நீட்டிய காசு நீட்டியபடி இருக்கிறது, வாங்க ஆளில்லை.

"இன்னா நாயம் இது?" என்று கத்தினார். "என் புள்ள கடயில என் துட்டு செல்லாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. எதிர்வீட்டு வாசலில் சரோஜா பச்சை ரவிக்கையோடு நின்றபடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செல்லாது நைனா" என்றான் தாமு. கண் நிறைந்து வழிகிறது, வாய் சிரிக்கிறது. "உன் துட்டு இங்க எப்பவும் செல்லாது."

கண்டக்டர் காசைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்றார். திரும்பாமலேயே சொன்னார்.

"யாவாரம் முடிஞ்சதும் வூட்டுக்கு எட்த்துக்கினு வா. மூணு பேருக்கு."